பொட்டலத்தைக் கலைக்காமல்: தாத்தா விட்டுச்சென்ற காசுகளைப் பிரித்த அனுபவம்

அம்மாவின் அப்பா நாகர்கோவில் கோட்டாறில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பழைய வீட்டை இடித்துக் கட்டுவதென்று முடிவானதும், அரங்கில், அதாவது உள்ளறையில், கிடந்த டிரங்குப் பெட்டி என் பொறுப்புக்கு வந்தது. ஒரு ஆளால் நகர்த்தக்கூட முடியாத கனம். உள்ளே முழுக்கக் காசு. பிஸ்கட் டின்கள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள், வேட்டித் துணியில் கட்டிய முடிச்சு, பனையோலைக் கொட்டான் ஒன்று, சிகரெட் டின் ஒன்று, சணலில் கோத்த ஓட்டைக் காலணாச் சரம், அப்புறம் பெட்டியின் அடியில் உதிரியாகக் கிடந்த செம்புக் காசுகள்.

இப்படி ஒரு பெட்டி கிடைத்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது, பெட்ஷீட்டை விரித்து மொத்தத்தையும் கொட்டி, வெள்ளி ஒரு பக்கம் செம்பு ஒரு பக்கம் என்று பிரிப்பதுதான். மாமாவும் அதைத்தான் சொன்னார். நான் கொட்டவிடவில்லை. காசுக்கு உள்ள விலை எங்கேயும் ஓடிப்போகாது. ஆனால் எந்தக் காசு எதோடு சேர்ந்து கிடந்தது என்ற விவரம் ஒரு தடவை கலைந்தால் பிறகு யாராலும் மீட்க முடியாது. இந்தப் பதிவை எழுதுவதே அந்த ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லத்தான்.

ஒரு முடிச்சில் உள்ள காசுகளில் எது கடைசியாக அச்சானதோ, அந்த ஆண்டுக்கு முன் அந்த முடிச்சைக் கட்டியிருக்க முடியாது. புதையல்களுக்குக் காலம் கணிப்பவர்கள் பிடித்துக்கொள்ளும் நூலும் இதுதான். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அதில் ஆகப் பிந்தியவை வெஸ்பாசியன் என்ற பேரரசரின் காசுகள். அவர் பட்டத்துக்கு வந்தது கி.பி. 69-இல். ஆக, அதற்கு முன் அந்தக் குவியலைப் புதைத்திருக்க வழியில்லை. காசுகள் சேர்ந்தே கிடைத்ததால்தான் இவ்வளவும் சொல்ல முடிகிறது. வீட்டுப் பெட்டிக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

அதனால் முதல் வேலை, எண் போடுவது. ஒவ்வொரு டின்னுக்கும் பாட்டிலுக்கும் முடிச்சுக்கும் ஒரு எண். பெட்டிக்குள் எது எங்கே இருந்தது என்று மேலிருந்து ஒரு போட்டோ. முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் ஒன்று, அவிழ்த்த பின் ஒன்று. கட்டியிருந்த துணி, காகிதம், கயிறு எதையும் குப்பையில் போடவில்லை; அந்தந்த எண்ணோடு கவரில் போட்டு வைத்தேன். நோட்டில் எண் வாரியாகப் பக்கம் ஒதுக்கினேன். மேசைமேல் எந்த நேரமும் ஒரு எண் மட்டும்தான் இருக்கும். அது முடிந்து உள்ளே போன பிறகுதான் அடுத்தது வெளியே வரும்.

கருவிகள் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு, டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர், நகை ஆசாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், நூலில் கட்டித் தொங்கவிட்ட காந்தம், கழுத்து வளையும் மேசை விளக்கு. இதில் அந்த விளக்குக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். தேய்ந்த காசுக்கு நேர் மேலிருந்து வெளிச்சம் போட்டால் வெறும் தகடுதான் தெரியும். விளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சம் பக்கவாட்டில் வருடிப் போகும்படி வைத்து, காசை மெதுவாகச் சுற்றினால் ஏதோ ஒரு கோணத்தில் ஆண்டு எழுந்து வரும். லென்ஸில் தெரியாத எழுத்துகூட இந்த முறையில் தெரிந்தது.

ஹார்லிக்ஸ் பாட்டில்களை முதலில் முடித்தேன், ஏனென்றால் அவை சுலபம். சுதந்திரத்துக்குப் பிந்தைய பைசாக்கள். 1957 ஏப்ரல் 1-இல் தசம முறை வந்தபோது அடித்த நயா பைசா, 1964-இல் ‘நயா’ என்ற சொல்லை எடுத்துவிட்ட பிறகு வந்தவை, அறுகோண அலுமினிய மூன்று பைசா, தாமரை போட்ட மஞ்சள் நிற இருபது பைசா, 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த இருபது பைசா. ஆண்டுக்குக் கீழே உள்ள குறியைப் பார்த்து எந்த ஆலை என்று எழுதிக்கொள்ளலாம்: குறி இல்லையென்றால் கல்கத்தா, வைரக் குறி பம்பாய், நட்சத்திரம் ஹைதராபாத், 1988-க்குப் பின் வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. இவற்றில் பெரும்பாலானவைக்குப் பெரிய விலை கிடையாது. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமலும் போய்விட்டன. குழந்தைகளுக்கு ஒரு முழு வரிசை சேர்த்துக் கொடுக்க இந்தப் பாட்டில்கள் அருமையானவை. அதைத் தாண்டி இதில் நேரம் செலவழிக்கவில்லை.

பிஸ்கட் டின்கள் வேறு உலகம். பதினாறு அணா ஒரு ரூபாய், நாலு பைசா ஒரு அணா, பன்னிரண்டு தம்பிடி ஒரு அணா என்ற கணக்கில் புழங்கிய காசுகள் எல்லாம் அதில்தான். காலணாக்கள் மட்டுமே டின்னில் பாதிக்கு மேல். ஒவ்வொன்றாக எண்ணுவதற்குப் பதில் நிறுத்துக் கணக்குப் போட நினைத்தால் ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். விக்டோரியா காலத்துச் செம்புக் காலணா 6.47 கிராம். 1906-இல் செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாற்றியபோது எடையை 4.86 கிராமாகக் குறைத்துவிட்டார்கள். எட்வர்டு காலத்தில் இரண்டும் உண்டு. 1906 என்று போட்ட காலணாவில்கூட இரண்டு வகை இருக்கிறது. கனத்ததையும் இலேசானதையும் முதலில் பிரித்துவிட்டு நிறுத்தால் கணக்கு ஏறத்தாழச் சரியாக வரும். தேய்மானத்துக்குக் கொஞ்சம் தள்ளிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் இந்த டின்களில் கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளை நிறத்தில் இருந்த ஒரணாவும் இரண்டணாவும் 1942-இலிருந்து மஞ்சளாகிவிடுகின்றன. நிக்கல் போர்த் தளவாடங்களுக்குப் போனதால் நிக்கல் பித்தளையில் அடித்தார்கள். 1943-இல் காலணாவின் நடுவே ஓட்டை விழுகிறது. அது செம்பை மிச்சம் பிடிக்க. 1947 வரை வந்த இந்த ஓட்டைக் காலணா இரண்டு கிராம் அளவுதான். போல்ட்டுக்கு வாஷராகப் போட்டுத் தீர்த்தவர்கள் உண்டு என்று மாமா சொன்னார். தாத்தா சணலில் கோத்து முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அந்தச் சரத்தை அவிழ்க்காமலேயே ஒவ்வொன்றாகத் திருப்பி ஆண்டுகளைக் குறித்துக்கொண்டேன். சணலும் அவர் போட்ட முடிச்சும் அப்படியே இருக்கட்டும்.

அதே டின்னில் மடித்து வைத்த ஒரு சிகரெட் அட்டை கிடைத்தது. உள்பக்கம் பென்சிலில் தாத்தாவின் கையெழுத்து: ஒரணா 6, இரண்டணா 12, மூணணா 19, நாலணா 25. தசம முறை வந்தபோது அரசு அறிவித்த மாற்றுக் கணக்கு அது. ஒரணாவுக்கு ஆறேகால் நயா பைசா வர வேண்டும். கால் பைசா கிடையாது என்பதால் இப்படி முழு எண்ணாக்கினார்கள். மூன்று ஆண்டுகள் பழைய காசும் புதுக் காசும் சேர்ந்தே புழங்கின. ஒரு கையில் அணா வாங்கி மறு கையில் நயா பைசா சில்லறை கொடுத்த கடைக்காரருக்கு இந்த அட்டை இல்லாமல் முடியாது. டின்னில் 1955-க்குப் பிந்தைய அணாக் காசு எதுவும் இல்லை. குதிரை போட்ட ஒரு பைசாவும் காளை போட்ட அரையணாவும் மேல் அடுக்கில் இருந்தன. கல்லாவில் வந்துசேர்ந்த பழைய சில்லறையை ஒதுக்கி, அட்டையையும் உள்ளே போட்டு டின்னை மூடியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். டின்னைக் கொட்டியிருந்தால் அட்டை குப்பைக்குத்தான் போயிருக்கும்.

அடுத்து வெள்ளி. வேட்டித் துணி முடிச்சில் இருந்தவை எல்லாம் ஒரு ரூபாய்க் காசுகள். வெள்ளி ரூபாயைச் சோதிக்க நகைக்கடைக்கு ஓட வேண்டாம். நல்ல ரூபாய் 11.66 கிராம். புழங்கித் தேய்ந்தது 11.4, 11.3 என்று இறங்கலாம். காலிப்பரில் குறுக்களவு முப்பது மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வரும். காந்தம் ஒட்டக் கூடாது. காந்தத்தில் பாய்ந்து ஒட்டினால் அது 1947-இல் வந்த புலி போட்ட நிக்கல் ரூபாயாக இருக்கும், அல்லது அதற்குப் பின் வந்த இந்தியக் குடியரசின் நிக்கல் ரூபாயாக இருக்கும். விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டினால் வெள்ளி நீளமாக ஒலிக்கும். தரையில் போட்டுப் பார்க்காதீர்கள், விளிம்பு நசுங்கும்.

ஆண்டுகளை எழுதும்போது ஒரு குழப்பம் வரும். 1840 என்று போட்ட விக்டோரியா ரூபாயும் 1862 என்று போட்டதும் ஏராளமாக இருக்கும். காரணம், தேதியை மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். 1862 என்ற தேதி 1870-களின் தொடக்கம் வரை ஓடியது. 1877 முதல் அரசி பேரரசி ஆகிவிடுகிறார், எழுத்தும் மாறுகிறது.

முடிச்சில் 1911 ரூபாய் ஒன்று இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய ஆண்டின் ‘பன்றி ரூபாய்’. லென்ஸில் பார்த்தால் அரசரின் மேலங்கியில் ஒரு சின்ன யானை தெரியும். துதிக்கை குட்டையாகவும் உடம்பு கொழுத்தும் இருக்கும். பார்ப்பவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்து எதிர்ப்பு கிளம்பியது. ஏறத்தாழ 7 லட்சம் காசுகளே வெளியே போயிருந்த நிலையில் மிச்சத்தை நிறுத்தி உருக்கினார்கள். 1912 ரூபாயில் துதிக்கை நீண்டு, யானை யானையாக ஆகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். எட்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு செதுக்கல், அதற்காக லட்சக்கணக்கில் வெள்ளியை உருக்கியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த முடிச்சின் அசல் சேதி வேறு. இதில் 1940-க்குப் பிந்தைய ரூபாய் ஒன்றுகூட இல்லை. ஆகக் கடைசி 1938. அந்த ரூபாய் வரைக்கும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-இல் அதைப் பாதியாகக் குறைத்து, விளிம்பிலும் பாதுகாப்புக் கோடு போட்டு அடித்தார்கள். 1941-க்கும் 1943-க்கும் இடையே பழைய நல்ல வெள்ளி ரூபாய்களை ஒவ்வொரு அரசர் பெயராகச் செல்லாது என்று அறிவித்துத் திரும்ப வாங்கினார்கள். அந்த நேரத்தில் திருப்பிக் கொடுக்காமல் வீட்டில் நிறுத்திக்கொண்ட வெள்ளிதான் இந்த முடிச்சு என்று நம்புகிறேன். ஏனென்றால் பாதி வெள்ளி ரூபாய்கள் தாத்தாவிடம் இல்லாமல் இல்லை. அவை பிஸ்கட் டின்னில் அணாக்களோடு கலந்து கிடந்தன. அதாவது அவை செலவுக் காசு, முடிச்சில் இருப்பது சேமிப்பு. இரண்டையும் ‘வெள்ளி’ என்று ஒரே குவியலாக்கியிருந்தால் இந்த வேறுபாடே தெரிந்திருக்காது.

முடிச்சில் ஐந்து ரூபாய்களின் மேல் விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருந்தது. ஆச்சியிடம், அதாவது பாட்டியிடம், காட்டினேன். கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்.

“இது எங்க மாமியாருக்க மாலையில கிடந்தது மக்களே. மாலையை அறுத்து வளையத்தை எல்லாம் எடுத்தாச்சு. கடைக்கு முதல் போடணும்னு.”

“அப்புறம் ஏன் ஆச்சி விக்காம வச்சிருந்தாவ?”

“மிச்சத்தை வித்தாச்சு. இது அஞ்சும் அவுக நினைப்புக்கு.”

பற்றவைத்த தழும்புள்ள காசைச் சேகரிப்பவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். வெள்ளி எடைக்குத்தான் விலை வரும். எங்கள் வீட்டில் விற்கவே கூடாது என்று முடிவானது அந்த ஐந்தும்தான். ஆச்சி சொன்னதை அதே வார்த்தைகளில் நோட்டில் எழுதி, கீழே தேதியும் போட்டுவிட்டேன். காசைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிரியுங்கள். தராசு, லென்ஸ் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.

பனையோலைக் கொட்டான்தான் நான் மிகவும் நேரம் செலவிட்ட இடம். 1956 வரை கன்னியாகுமரிப் பக்கம் திருவிதாங்கூரோடு இருந்தது. அதற்கென்று தனிக் காசு. பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு பிரிட்டிஷ் ரூபாய். கணக்குப் பார்த்தால் 456 காசு சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். கொட்டானில் பலாக்கொட்டை நிறத்துச் செம்புக் காசுகள் நிறைய. ஒரு பக்கம் சங்கு, மறுபக்கம் மலையாள எழுத்து. சிலவற்றில் மன்னரின் பெயரெழுத்துப் பின்னல். ஆர்.வி. என்றால் மூலம் திருநாள் ராமவர்மா, பி.ஆர்.வி. என்றால் சித்திரைத் திருநாள் பாலராமவர்மா. பெரும்பாலான செம்புக் காசுகளில் ஆண்டே கிடையாது, அதனால் இந்தப் பின்னல்தான் வழி. ஆண்டு போட்டதில் 1114 என்று இருந்தால் பயந்துவிட வேண்டாம். அது கொல்லம் ஆண்டு. 824 அல்லது 825 கூட்டினால் 1938-39 வரும். சித்திரைத் திருநாளின் உருவம் போட்ட செம்புச் சக்கரம் அந்த ஆண்டில் வந்தது.

கொட்டானின் அடியில் ஒரு துணிக்குள் வெள்ளிச் சக்கரங்கள். அரை கிராம்கூடத் தேறாத மணிகள். உற்றுப் பார்த்தால் புள்ளியும் கோடும் தெரியும். விரலால் பிடிக்கப் போனால் நழுவி ஓடுகிறது. தட்டில் துணி விரிக்காமல் இதைத் தொடவே முடியாது. இதை எப்படித்தான் எண்ணினார்கள் என்று கேட்டபோதுதான் ஆச்சி, தட்டட்டியில் கிடந்த ஒரு பலகையை எடுத்துவரச் சொன்னார். நாங்கள் அதை ஏதோ விளையாட்டுப் பலகை என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம். பிடி வைத்த மரப்பலகை, முழுக்க வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். சக்கரப் பலகை. ஆச்சி சின்ன வயதில் தன் பாட்டி செய்ததைப் பார்த்தவர். ஒரு கை சக்கரத்தை அள்ளிப் போட்டு, பலகையை இரண்டு பக்கமும் சாய்த்து ஆட்டினார். மணிகள் உருண்டு குழிக்கு ஒன்றாக உட்கார்ந்தன. மிச்சத்தை உள்ளங்கையால் வழித்துத் தள்ளினார். குழிகள் நிறைந்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. ஒன்று குறைந்தாலும் அந்தக் காலிக் குழி கண்ணில் படும். எங்களிடம் இருந்த சக்கரங்கள் பலகையை நிறைக்கவில்லை. பலகைக்கும் கொட்டானுக்கும் ஒரே எண் போட்டேன்.

சிகரெட் டின்னில் இலங்கைக் காசு. தாத்தாவின் அண்ணன் கொழும்பில் கடையில் இருந்தவர். பனைமரம் போட்ட விக்டோரியா காலத்துச் செம்புச் சதங்கள், அதில் சிங்களத்தோடு தமிழிலும் மதிப்பு எழுதியிருக்கிறது. சதுர ஐந்து சதம், அலைவிளிம்பு இரண்டு சதம். கடைசி ஆண்டு 1944. அவர் ஊர் திரும்பியது போருக்குப் பின்தான் என்று வீட்டில் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

அடியில் உதிரியாகக் கிடந்தவற்றில் இரண்டு காசுகள் இந்தப் பெட்டியிலேயே மிகப் பழையவை. ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த மனிதன், அவன் கைக்குக் கீழே நாகரி எழுத்து. சோழர் செம்புக் காசு. ராஜராஜன் பெயர் போட்ட வகை. முகம் எல்லாம் தேய்ந்து கோடுகள்தான் மிச்சம். யாரிடமிருந்து வந்தது, கடைக்கு வந்ததா, வயலில் கிடைத்ததா, எதுவும் தெரியாது. எந்தப் பொட்டலத்திலும் இல்லாததால் சொல்ல ஒன்றும் இல்லை. விலை மதிப்பில் மற்றவற்றுக்குக் குறையாத இந்த இரண்டும்தான் இந்தப் பெட்டியில் எனக்கு மிகக் குறைவாகப் பேசுகின்றன. நீங்களே மண்ணைத் தோண்டும்போது இப்படிக் கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சுத்தம் செய்வது பற்றி மாமாவுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம்.

“மக்களே, கொஞ்சம் புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய்ப்புத் தேய்ச்சா பளபளன்னு ஆயிரும்லா.”

“வேண்டாம் மாமா. பளபளப்பு வரும், காசு போயிரும்.”

நூறு ஆண்டில் படிந்த அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. செம்பின் மேல்தோல்தான் அப்படி மாறி, உள்ளே இருப்பதைக் காக்கிறது. புளியின் அமிலம் அதை அரித்து எடுத்துவிடும். சாம்பல் நுண்ணிய கீறல்களைப் போடும். தேய்த்த காசை லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் கீறல்கள் உடனே தெரியும். சேகரிப்பவர்கள் அதைக் கையில்கூட வாங்க மாட்டார்கள். தேய்க்கவே கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் புரிய வைப்பதே பாதி வேலை.

ஆனால் எடுத்தே ஆக வேண்டிய சில உண்டு. மளிகைக் கடைக் காசு என்பதால் தேங்காயெண்ணெய் பட்டுப்பட்டு, காலணாக்களின் எழுத்து இடுக்குகளில் பச்சை மெழுகு மாதிரி ஒன்று உறைந்திருந்தது. எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாவது அது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் முதலில் ஊறப்போட்டேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள குளோரைடு செம்புக்கு எதிரி. பிறகு கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி அதில் போட்டு, இளகியதை மூங்கில் பல்குச்சியால் மெல்ல நெம்பி எடுத்தேன். நெயில் பாலிஷ் நீக்கி வேண்டாம். அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது. பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்திருந்த ஒரு சில வெள்ளை உலோகக் காசுகளில் வழவழப்பான பச்சைப் பிசின் இருந்தது, பி.வி.சி. உறையிலிருந்து கசிவது. அதுவும் அசிட்டோனில் போய்விட்டது.

இந்த இரண்டையும் தவிர மூன்றாவது பச்சை ஒன்று உண்டு: தொட்டால் மாவாக உதிரும் வெளிர் பச்சைப் புள்ளி. அது வெண்கல நோய். குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளே அரித்துக்கொண்டே போவது. கடல் காற்று அடிக்கும் ஊரில் இது வராமல் இருக்காது. அப்படிப்பட்ட காசுகளை உடனே பிரித்து, பேட்டரித் தண்ணீரைத் திரும்பத் திரும்ப மாற்றி ஊறவைத்து, நன்றாகக் காயவைத்துத் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

பூஜை அறையில் மஞ்சள் தடவி வைத்திருந்த ஒரு காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, 1818’ என்று ஆங்கிலத்தில். ஊரில் பல வீடுகளில் இது இருக்கும். கம்பெனி இப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. சென்னையில் கம்பெனி வெளியிட்ட வராகன்களில் விஷ்ணு உருவம் உண்டு என்பது உண்மை. ஆனால் இந்த வகை பிற்காலத்தில் பூஜைக்காகவும் விற்பனைக்காகவும் செய்தது. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று சொல்லிக் கோடிக்கணக்கில் பேரம் பேசி ஏமாற்றுகிற கும்பல்கள் கையில் எடுப்பதும் இதைத்தான். ஆச்சிக்கு அது ராமர். அந்த மரியாதையோடு பூஜை அறையிலேயே இருக்கிறது. நோட்டில் ‘நாணயம் அல்ல’ என்று மட்டும் எழுதினேன்.

இதே மாதிரி, காண்டாமிருகம் போட்ட 25 பைசாவுக்கு லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று வரும் விளம்பரங்கள். பழைய காசு, நோட்டு விற்பனைக்குத் தங்கள் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. வாங்குபவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பங்கு பிரிக்கும்போது ஆஸ்திரேலியாவில் இருக்கும் சித்தி மகன் தன் பங்கைக் கொண்டுபோகக் கேட்டான். நூறு ஆண்டுகளைத் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் வெளிநாட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. அதைச் சொன்னதும் புரிந்துகொண்டு, நயா பைசா வரிசை ஒன்றை மட்டும் கேட்டான். வெள்ளி முடிச்சையும் கொட்டானையும் யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. மொத்தமும் ஒரே வீட்டில், ஒரே பெட்டியில் இருக்கட்டும், நோட்டின் நகல் எல்லோரிடமும் இருக்கட்டும் என்று பேசி முடித்தோம்.

இப்போது நல்ல நிலையில் உள்ளவை மைலார் என்ற பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டைகளில், மற்றவை அமிலமில்லாத காகித உறைகளில். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் பக்கத்தில் வரக் கூடாது, இரண்டும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். டப்பாவுக்கு டப்பா சிலிக்கா ஜெல் பை. எங்கள் ஊருக்கு இரண்டு மழைக்காலம் என்பதால் ஜூன் தொடக்கத்திலும் அக்டோபர் தொடக்கத்திலும் பைகளை மாற்றிவிடுகிறேன். அடியில் கிடந்த உதிரிகளில் ஒரு பிடி செம்புக் காசு இன்னும் அடையாளம் தெரியாமல் இருக்கிறது. எழுத்தே இல்லை, வெறும் கோடுகள். அவற்றின் எடை, குறுக்களவு, இரண்டு பக்கப் போட்டோ எல்லாம் தயார் செய்துவிட்டேன். அடுத்து சென்னை போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.